பலகை வைத்தாயிற்று, சாலை இன்னும் மெலிகிறது: உள்ளாட்சிச் செலவில் எதை முதலில் பிடிப்பது?

ஏட்டுக்கணக்கு கேட்டது:

வளரும் நாடுகளில் உள்ளாட்சிச் சீர்திருத்தம் என்றாலே முதலில் நடப்பது இந்த மூன்றுதான்: பட்ஜெட்டை இணையத்தில் போடுவது, வேலை நடக்கும் இடத்தில் பலகை நடுவது, புகார் எண் கொடுப்பது. மூன்றும் முடிந்த பிறகும் சாலையில் 15 செ.மீ. கனத்துக்கு ஜல்லி இருக்கவேண்டிய இடத்தில் 12தான் இருக்கிறது. பள்ளிக்கு வரவேண்டிய மானியம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 400 சிறு வேலைகள், 3 தணிக்கையாளர்கள், பகுதி நேரத்துக்கு இரவல் வாங்கக்கூடிய ஒரு பொறியாளர். நானூறையும் பார்க்க வழியில்லை. மக்களைக் கண்காணிக்க வைப்பதா, தணிக்கையைக் கூட்டுவதா? "இரண்டும் வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

கருவூலத்தான்:

முதலில் பணம் எந்த இடத்தில் தொலைகிறது என்று பாருங்கள். அது தெரியாமல் ஆளைப் போட்டால் வீண்.

உகாண்டாவில் 1990களின் நடுவில் 250 தொடக்கப் பள்ளிகளில் செலவைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1991–95 காலத்தில் மத்திய அரசு விடுவித்த மாணவர்வாரி மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு காசும் போகவில்லை. மேலே உள்ள கணக்கில் குறையே கிடையாது, கருவூலம் முழுத்தொகையையும் கொடுத்திருந்தது. நடுவில் மாவட்ட அளவில்தான் நின்றுபோனது. அதற்குப் பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது என்று நாளிதழில் போட்டார்கள், பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் சேரும் பங்கு 80 சதவீதத்தைத் தொட்டது. அதே காலத்தில் வேறு நிர்வாக மாற்றங்களும் நடந்தன என்பதால் முழுப் பெருமையையும் நாளிதழுக்குக் கொடுக்க முடியாது.

செய்முறை எளிது. 25 அல்லது 30 கடைசி முனைகளைக் குலுக்கி எடுங்கள். பள்ளியோ சுகாதார நிலையமோ, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் மூன்று தாள்: விடுவிப்பு ஆணை, நடு அலுவலகத்தின் வங்கிப் பட்டியல், கடைசி முனையின் ரொக்கப் புத்தகம். மூன்றிலும் தேதி, தொகை இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, தாமதத்தைக் களவு என்று எழுதிவிடுவது. நிதியாண்டின் கடைசி மாதத்தில் விடுவித்தது அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் ஏறியிருக்கும், குறைந்தது 15 மாதக் கணக்கையாவது எடுத்தால்தான் தெரியும். இரண்டு, பணத்துக்குப் பதில் பொருள். "உங்கள் பங்கில் நோட்டுப் புத்தகம் வாங்கி அனுப்பினோம்" என்பார்கள். இருப்புப் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா, எந்த விலையில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

ஜல்லிக்கல்:

மானியத்துக்கு மேலே சொன்னது சரி. சாலைக்கு அது போதாது, ஏனென்றால் பணம் ஒழுங்காகத்தான் போய்ச் சேரும். திருட்டு தரைக்குக் கீழே நடக்கிறது.

மக்களா தணிக்கையா என்பதற்கு இருக்கும் நல்ல சான்று இந்தோனேசியாவில் இருந்து வருகிறது. 2003–04இல் 600க்கும் மேற்பட்ட கிராமங்களின் சாலை வேலைகளில் பொருளாதார அறிஞர் பெஞ்சமின் ஓல்கன் செய்த ஆய்வு. அரசுத் தணிக்கை வரும் வாய்ப்பு 4 சதவீதமாக இருந்ததை, சில கிராமங்களில் "நிச்சயம் வரும்" என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அங்கே காணாமல்போகும் செலவு ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர்க்கூட்டத்துக்கு ஆள் கூட்டிய கிராமங்களில் மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. கூலியில் கை வைப்பது குறைந்தது, பொருளில் குறையவில்லை. தன் கூலி குறைந்தால் ஆளுக்கு உடனே தெரியும், ஜல்லி 3 செ.மீ. குறைந்தால் யாருக்குத் தெரியும்? உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது: கண்ணுக்குத் தெரிவதை மக்களிடம் விடுங்கள், தெரியாததற்குத் தணிக்கையாளரை அனுப்புங்கள். (தணிக்கை உறுதியான கிராமங்களில் பொறுப்பாளரின் உறவினருக்கு வேலை கொடுப்பது கூடியது என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஒரு ஓட்டையை அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும்.)

அளப்பது எப்படி? 1 கி.மீ. நீளம், 3 மீ. அகலம், 15 செ.மீ. கனம் என்றால் இறுகிய நிலையில் 450 கன மீட்டர். 12 செ.மீ.தான் இருந்தால் 360. தொண்ணூறு கன மீட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு காணோம். நடந்து போகிறவருக்கோ வண்டி ஓட்டுகிறவருக்கோ முதல் மழைக்காலம் வரை எந்த வித்தியாசமும் தெரியாது.

கிலோமீட்டருக்கு 10 குழி தோண்டுங்கள், மூன்று போதாது. எந்த இடம் என்பதை அன்று காலையில் குலுக்கி எடுங்கள், முதல் நாளே சொன்னால் அந்த இடம் மட்டும் கனமாகிவிடும். நடுவில் பாதி, ஓரத்தில் பாதி. பெரும்பாலும் ஓரத்தில்தான் மெலிவு. இரும்பு டேப்பைக் குழிக்குள் நிறுத்திப் படம் எடுங்கள், பிறகு மூடி இடித்துவிடுங்கள்.

குறை கண்டவுடன் குற்றம் சாட்டிவிடாதீர்கள். லாரியில் அளந்த 450 கன மீட்டர் உருளை ஓடிய பின் 450 இருக்காது, பில் எந்த நிலையில் அளந்தது என்று முதலில் கேளுங்கள். களிமண் தரையில் கொஞ்சம் கல் கீழே புதையவும் செய்யும். ஓல்கன் இதற்காகவே யாரும் திருட வழியில்லாத சிறு சோதனைச் சாலைகளைப் போட்டுப் பார்த்து, இயல்பான இழப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்தார். நீங்களும் உங்கள் மண்ணில் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். அந்த ஒரு துண்டு இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரரின் வக்கீல் உங்கள் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

களத்துக்குப் போகும் முன், வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவைப் புத்தகத்தைப் புரட்டுங்கள். பத்து இடத்திலும் 15.0 என்று எழுதியிருந்தால் அது மேசையில் உட்கார்ந்து எழுதியது. உண்மையாக அளந்தால் 14.2, 15.6, 13.9 என்றுதான் வரும்.

ஏட்டுக்கணக்கு:

நன்றி, இது உதவுகிறது. 400இல் எந்த வேலைக்குப் போவது என்பதை யார் முடிவு செய்வது? அதை அதிகாரி கையில் கொடுத்தால் பேரம் ஆகிவிடும். தணிக்கையாளரே தேர்ந்தாலும் அதே கதைதான்.

ஜல்லிக்கல்:

குலுக்கல். பிரேசில் 2003இல் தொடங்கியது இதுதான். எந்த நகராட்சியைத் தணிக்கை செய்வது என்பதை எல்லோரும் பார்க்க, லாட்டரி இயந்திரத்தில் குலுக்கினார்கள், அறிக்கையை வெளியிட்டார்கள். ஊழல் வெளிப்பட்ட ஊர்களில் மேயர்கள் மீண்டும் வெல்வது குறைந்தது. உள்ளூர் வானொலி இருந்த இடங்களில் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

உங்கள் அளவுக்கு: பத்தில் ஒன்று, 40 வேலை. ஆளுக்கு 13 அல்லது 14. வேலை முடிந்து, இறுதி பில்லுக்குப் பணம் தருவதற்கு முன்னால் குலுக்குங்கள். பிடித்தம் வைத்த தொகை கையில் இருக்கும்போது கிடைக்கும் பதிலே வேறு. குலுக்கலுக்கு வெளியே இன்னும் ஒரு பத்து: டெண்டர் தேவையில்லாத வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும் வேலைகள். பட்டியலைத் தொகை வரிசையில் அடுக்கினால் வரம்புக்குக் கீழே ஒரு குவியல் தெரியும். டெண்டரைத் தவிர்க்க ஒரே வேலையை உடைத்திருப்பார்கள்: ஒரே சாலை, ஒரே தேதி, அடுத்தடுத்த எண், மூன்று துண்டு. மூன்று விலைப்புள்ளியிலும் ஒரே கூட்டல் பிழை இருந்தால் மூன்றையும் எழுதிய கை ஒன்றே.

முற்றத்துப்பேச்சு:

மக்கள் கண்காணிப்பை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம். கூட்டத்துக்கு ஆள் வந்தால் மட்டும் போதாது, அவர்கள் கையில் என்ன தாள் இருந்தது என்பதுதான் கேள்வி. "இந்த ஆண்டு செலவு இவ்வளவு" என்று மொத்தத் தொகையைப் படித்தால் கொட்டாவிதான் வரும். வருகைப் பதிவேட்டைப் பெயர் பெயராகப் படியுங்கள்: இன்னார், 14 நாள், இவ்வளவு கூலி. "அவர் இறந்து இரண்டு வருஷம் ஆச்சே" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலைத் தணிக்கையாளர் ஆயிரம் தாள் புரட்டினாலும் கேட்க முடியாது.

கூட்டத்துக்கு 15 நாள் முன்னால் நகல்கள் கைக்கு வரவேண்டும். வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்த பிறகுதான் கூட்டம். வேலையை நடத்தியவர் தலைமை தாங்கக் கூடாது. வெளியூர் ஆட்களும் சிலர் குழுவில் இருக்கட்டும், உள்ளூரில் ஒருவர் எதிர்த்துப் பேசினால் நாளை அவருக்கு வேலை கிடைக்காது.

ஆந்திரத்தில் ஊரக வேலைத் திட்டத்துக்கு 2006 முதல் நடந்த சமூகத் தணிக்கை இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. முறைகேடுகளைக் கண்டுபிடித்தார்கள், திரும்ப வசூலானது அதில் சிறு பங்குதான். ஆகவே கூட்டம் கலையும் முன்னே ஐந்து பத்தி கொண்ட அட்டவணை ஒன்று: குறை, பொறுப்பானவர், தொகை, கெடு தேதி, முடிந்ததா. அடுத்த கூட்டம் அந்தத் தாளில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

நிலுவைப்பில்:

எல்லோரும் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கெடுபிடி அதிகமானால் அதிகாரி கையெழுத்தே போடமாட்டார், கோப்பு ஐந்து மேசை சுற்றும். பில் ஆறு மாதம் தாமதமாகும் என்று தெரிந்தால் ஒப்பந்தக்காரர் அந்த வட்டியையும் விலையில் ஏற்றித்தான் டெண்டர் போடுவார். நேர்மையானவர் ஒதுங்கிக்கொள்வார். பணத்தை முன்கூட்டியே கறக்கத் தெரிந்தவர் மட்டும் மிஞ்சுவார். அந்த 3 செ.மீ. பல இடங்களில் இப்படித்தான் போகிறது.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நிலுவையில் உள்ள பில்களின் வரிசையை, வந்த தேதியோடும் இப்போது யார் மேசையில் இருக்கிறது என்பதோடும் வாராவாரம் வெளியிடுங்கள். முதலில் வந்ததற்கு முதலில் பணம். குலுக்கலில் விழுந்த பில் நிற்கலாம், ஆனால் 21 நாளுக்குள் குழி தோண்டி முடிவு சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தானாக விடுபடும். இந்தக் கெடு தணிக்கையாளரையும் கட்டும்.

புகார் எண்ணிலும் ஒரு திருத்தம்: "தீர்க்கப்பட்டது" என்று துறையே முடித்துவைக்க விடாதீர்கள். புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் முடிந்தது. மீண்டும் திறக்கப்பட்டவை எத்தனை என்று மாதாமாதம் எண்ணுங்கள்.

ஏட்டுக்கணக்கு:

21 நாளில் 40 வேலை சாத்தியமா? நிதியாண்டு முடிவில் பில்கள் மொத்தமாக வந்து குவியுமே.

ஜல்லிக்கல்:

குவியும். அதனால் ஆண்டுக்கு ஒரு குலுக்கல் வேண்டாம், மாதம் ஒன்று வையுங்கள். அந்த மாதம் முடிந்த வேலைகளில் பத்தில் ஒன்று. கடைசி இரண்டு மாதத்துக்கு மட்டும் பொறியாளரை முழுநேரமாகக் கேட்டு வாங்குங்கள், மற்ற மாதங்களில் வாரம் இரண்டு நாள் போதும். கடைசி மாதத்தில் "முடிந்தது" என்று வரும் வேலைகளில் சில தொடங்கியே இருக்காது. அதற்குக் குழி தோண்ட வேண்டியதில்லை, போய்ப் பார்த்தாலே போதும்.