உங்கள் 15, 16 வயதில் யாரிடம் போய்ச் சொன்னீர்கள்? – மலேசியத் தோட்டத்துப் பிள்ளைகளின் அனுபவப் பகிர்வு

டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்கா மகள், ஆய்வுக்காக எங்கள் டியூஷன் வகுப்பில் கேள்வித்தாள் கொடுக்க வந்தாள். படிவம் 4 (16 வயது) பிள்ளைகள், பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். தாளில் இரண்டு பகுதி. ஒன்று, எட் டீனரும் சக ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்டது. வாழ்க்கை நிறைவாக இருக்கிறதா என்று பார்க்க 5 வாக்கியங்கள். இன்னொன்று 1988இல் ஸிமெட் குழு வெளியிட்டது. ஆதரவுக்கு ஆள் இருக்கிறது என்று நினைக்கிறோமா என்று பார்க்க 12 வாக்கியங்கள்: குடும்பத்துக்கு 4, நண்பர்களுக்கு 4, 'எனக்கு முக்கியமான ஒருவர்' என்பதற்கு 4. எல்லாவற்றுக்கும் 1 (ஒப்பவே இல்லை) முதல் 7 (முழுக்க ஒப்புகிறேன்) வரை ஏதாவதொரு எண்ணை வட்டமிட வேண்டும்.

கடைசி மேசைப் பையன் அந்த 'முக்கியமான ஒருவர்' நான்கை மட்டும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால், 2ஐ வட்டமிட்டு, அழித்து, தாள் நைந்துபோகிற அளவுக்குத் தேய்த்திருக்கிறான்.

"டீச்சர், ஆயாப் பாட்டியச் சேத்துக்கலாமா?"

தோட்டத்து ஆயாக் கொட்டகையில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) அவனைத் தொட்டிலாட்டிய பாட்டி. கொட்டகையை மூடி வருடங்கள் ஆகின்றன. இவன் மட்டும் பள்ளிப் பஸ் இறங்கியதும் முதலில் அவர் வீட்டு அஞ்சடிக்குத்தான் (முன் திண்ணை) போவானாம். வரக்கோப்பி (பால் சேர்க்காத காப்பி), பிஸ்கட். "பாட்டி ஒண்ணும் கேக்க மாட்டாங்க டீச்சர், அதனால நானே சொல்லிடுவேன்."

சேர்த்துக்கொள் என்றேன். நான்குக்கும் 7 போட்டான்.

எத்தனை பேர் உதவினார்கள் என்ற கணக்கைவிட, 'போய் நின்றால் ஆள் இருக்கிறது' என்ற நினைப்புக்கும் மனநிறைவுக்கும்தான் நெருக்கம் அதிகம் என்றாள் அக்கா மகள். சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

லாரிக்காரன்

நான் யுபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டுத் தேர்வு) மலாய்த் தாளில் கோட்டை விட்டவன். கூட்டாளி நேராகப் படிவம் 1, நான் புகுமுக வகுப்பு, அதாவது படிவம் 1க்கு முன்னால் மலாய்க்காகக் கூடுதலாக ஒரு வருடம். (2021இல் யுபிஎஸ்ஆரை எடுத்துவிட்டார்கள், புகுமுக வகுப்பு இன்னும் இருக்கிறது.) ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்), ஒரே பஸ், ஆனால் ஒரு வருடம் பின்னால். அந்த வெட்கத்தில் அவன் பக்கமே போகவில்லை. அவனோ தினமும் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பான். அடுத்த வருடம் அவனுடைய பயிற்சிப் புத்தகங்கள் எனக்கு வந்தன, பென்சிலில் விடையோடு. கணக்கில் பாதி தப்பு!

செம்பனைத் தோட்டத்து அக்கா

லயத்தில் எல்லாரும் சொந்தம் என்று ரொம்பப் புகழாதீர்கள். ஆண் பிள்ளைக்கு அது சரியாக இருக்கலாம். நான் 16 வயதில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அழுதேன். அம்மா வேலை முடிந்து வீடு வருவதற்குள் விஷயம் அம்மாவுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அப்புறம் ஒரு மாதம் கோயிலுக்குக்கூடத் தனியாகப் போக விடவில்லை.

கடைசியில் டவுனுக்குப் போய், பொதுத் தொலைபேசியில் சில்லறையைப் போட்டு பிஃப்ரெண்டர்ஸைக் கூப்பிட்டேன். மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் கேட்கும், 1970இலிருந்து மலேசியாவில் இயங்குகிற அமைப்பு அது. மறுமுனையில் பேசிய பெண் என் பெயரைக் கேட்கவில்லை, எந்தத் தோட்டம் என்றும் கேட்கவில்லை. காசு தீரும்வரை பேசினேன். அந்தத் தாளை அன்று கொடுத்திருந்தால் குடும்பத்துக்கு 2, முகம் தெரியாத குரலுக்கு 7 போட்டிருப்பேன்.

டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்

செம்பனைத் தோட்டத்து அக்கா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. போன தீபாவளிக்கு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டிக்குக் காது மந்தம். பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். பையன் அஞ்சடியில் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். பாட்டி தலையாட்டியபடி பிஸ்கட் டின்னை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.