ஓடைத் தண்ணீரில் ஊருக்குக் கரண்ட் எடுக்க முடியுமா?

கோத்தகிரிக்காரன்:
கோத்தகிரிக்குக் கீழே சரிவில் பன்னிரண்டு வீடுள்ள ஊர் எங்களுடையது. மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகிவிடுகிறது. ஊருக்கு மேலே ஓடை இருக்கிறது, 30 மீட்டர் இறக்கம் கிடைக்கும். சின்ன டர்பைன் வைத்தால் விளக்கு, டிவிக்காவது போதுமா?

குன்னூர் வயர்மேன்:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஆனால் இப்போது ஓடுகிற தண்ணீரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மார்ச் ஏப்ரலில் அளந்து பாருங்கள். ஓடையை மடக்கி பைப்பில் விட்டு, 200 லிட்டர் டிரம் 20 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 10 லிட்டர். நொடிக்கு ஒரு லிட்டர் ஒரு மீட்டர் இறங்கினால் 9.8 வாட், அப்படியானால் உங்களுக்கு 2,900 வாட் சொச்சம். பைப் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர் எல்லாம் தின்றது போக பாதிதான் கைக்கு வரும், ஒன்றரை கிலோவாட் என்று வையுங்கள். ராத்திரி பகல் ஓடுவதால் நாளுக்கு 36 யூனிட். விளக்கு, டிவி, செல்போனுக்குப் போதும், ஒரே வீட்டில் கெய்சர் போட்டால் ஊரே இருட்டாகிவிடும், அதை முதலிலேயே ஊர்கூடிப் பேசிவிடுங்கள்.

மசினகுடி:
முடிந்தால் பைப்பை இன்னும் 20 மீட்டர் மேலே கொண்டுபோங்கள், அதே தண்ணீருக்கு கரண்ட் கூடும். 1932இல் நம்ம நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரை சிங்காரா மின்நிலையத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இறக்கித்தான் பெல்டன் சக்கரத்தை, அதாவது பீச்சியடிக்கும் தண்ணீர் கிண்ணங்களில் பட்டுச் சுற்றும் டர்பைனை, சுற்ற வைத்தார்கள். தண்ணீர் கொஞ்சம், உயரம் அதிகம் என்றால் அந்தச் சக்கரம்தான் சரி. அப்புறம் மேலே மணல் படிய ஒரு தொட்டி, அதன் வாயில் வலை கட்டாயம். நல்ல மழைக்குப் பிறகு கற்பூர மர இலை வலையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும், பைப்புக்குள் காற்று போய் வீட்டில் பல்பு மங்கி மங்கி எரியும். யாராவது ஏறிப் போய்க் கையால் வழித்து விட வேண்டும். அந்த ஆள் யார், அவருக்கு மாதம் என்ன கொடுப்பது என்று முடிவு செய்யாமல் டர்பைன் வாங்காதீர்கள்.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. ராத்திரி எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டால் என்ன ஆகும்?

குன்னூர் வயர்மேன்:
லோடு இல்லாமல் சக்கரம் கண்டபடி வேகமெடுக்கும், வோல்டேஜ் ஏறி டிவி போய்விடும். லோடு கன்ட்ரோலர் வைத்தால் மிச்ச கரண்டை தண்ணீர்த் தொட்டி ஹீட்டருக்குத் தள்ளும், நம்ம குளிருக்கு காலையில் சுடுதண்ணீர் ஆச்சு. ஓடை வனத்துறை எல்லைக்குள் இருந்தால் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். கீழே யாருக்காவது குடிதண்ணீர் அதுதான் என்றால், டர்பைனில் இருந்து வரும் தண்ணீரை அவர்கள் எடுக்கும் இடத்துக்கு மேலேயே ஓடையில் விடுங்கள்.