பொருளியல் ஆனர்ஸ்: மைனராகக் கணிதமா, வரலாறா?

மயூர் விஹார் மாணவி
அனைவருக்கும் வணக்கம். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பொருளியல் ஆனர்ஸ் முதல் செமஸ்டரை முடிக்கப்போகிறேன். பொது விருப்பப்பாடமாக (பிற துறையிலிருந்து எடுக்கும் பாடமாக) எடுத்த வரலாறு மிகவும் பிடித்துப்போனதால், அதையே தொடர்ந்து படித்து மைனராக, அதாவது முதன்மைத் துறையோடு சேரும் துணைத் துறையாக, ஆக்கிக்கொள்ள நினைத்தேன். ஆனால் முதுகலைக்குப் போவதென்றால் கணிதத்தைத்தான் மைனராக எடுக்கவேண்டும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். கூலி, வேலைக்காக ஊர்விட்டு ஊர் போவது ஆகியவற்றைப் பற்றிப் படிக்கவும், பின்னர் மத்திய அரசின் பொருளியலாளர் பணியான இந்தியப் பொருளாதாரப் பணிக்கான தேர்வு எழுதவும் எனக்கு ஆசை. எதை எடுப்பது நல்லது?

வடக்கு வளாகம்
தங்கைக்கு வணக்கம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். மைனர் கிடைக்க ஒரே துறையில் 28 க்ரெடிட் (ஒவ்வொரு தாளுக்கும் தரப்படும் மதிப்பலகு) வேண்டும். தாளுக்கு 4 க்ரெடிட் என்றால் ஏழு தாள்கள். மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் பொருளியல் துறையின் விருப்பப்பாடம், பிற துறையின் பாடம் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால், மைனருக்காக எடுக்கும் ஒவ்வொரு தாளும் உங்கள் சொந்தத் துறையின் தாள் ஒன்றைத் தள்ளிவிடக்கூடும். அந்தப் பெயருக்காக மட்டும் இவ்வளவு விலை கொடுக்கவேண்டுமா என்பதே என் கேள்வி.

கணிதமும் புள்ளியியலும் கட்டாயத் தாள்களிலேயே வருகின்றன. அவற்றை ஊன்றிப் படித்தால் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் முதுகலைக்கான க்யூட் (CUET) நுழைவுத் தேர்வுக்கு அதுவே நல்ல அடித்தளம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவுசார் பொருளியல் முதுகலையைக் குறிவைத்தால் மட்டும் கணிதம் இன்னும் ஆழமாக வேண்டும். எப்படியானாலும் நேரியல் இயற்கணிதத்தில் ஒரு தாளை விடாதீர்கள். புள்ளியியலால் பொருளாதாரத் தரவை ஆராயும் எகனாமெட்ரிக்ஸில் அணிகள் (மேட்ரிக்ஸ்) வரும்போது அதன் அருமை தெரியும். அந்தத் தாளை உங்கள் கல்லூரி நடத்துகிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள், பட்டியலில் இருப்பதெல்லாம் எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை.

ஆர்.கே.புரம் பெரியவர்
அம்மா, தம்பி சொன்னது சரி. ஆனால் வரலாற்றை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வேன்.

கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். படித்த ஆண்டுகள் கூடக்கூடக் கூலியும் கூடுகிறது என்று ஒரு ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் சமன்பாடு) காட்டும். ஆனால் அதிகம் படித்தவர் வசதியான வீட்டில் பிறந்தவராகவும் இருப்பார். அந்த வசதி சமன்பாட்டில் இல்லையென்றால் அதன் பலனும் படிப்பின் கணக்கில் ஏறிவிடும். இதைக் கண்டுபிடித்துத் திருத்தும் வழி எகனாமெட்ரிக்ஸில் இருக்கிறது. ஆனால் எந்தச் சாதிக்கு, எந்த ஊரில், யாருக்குப் பள்ளி எட்டியது என்பதை வரலாறு படித்தவர்தான் கேட்கத் தெரிந்துகொள்வார். எது விடுபட்டது என்று தெரியாமல் எந்தச் சூத்திரமும் உதவாது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே இறக்கி வைத்துப் பழகுங்கள்.

பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளியல் அல்லது அதைச் சார்ந்த துறையில் முதுகலைப் பட்டம் கட்டாயம். அதில் பொதுப் பொருளியலுக்கு மூன்று தாள்களும், இந்தியப் பொருளியலுக்குத் தனியே ஒரு தாளும் உண்டு. இந்தத் தனித்தாளில் உங்கள் வரலாற்று வாசிப்பு கைகொடுக்கும்.

மயூர் விஹார் மாணவி
அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. அப்படியென்றால் இரண்டாம் செமஸ்டரில் நேரியல் இயற்கணிதம் கிடைத்தால் அதை எடுத்துவிட்டு, மூன்றாவதில் வரலாற்றுக்குத் திரும்பினால் மைனருக்கு வழி அடைபட்டுவிடுமா?

வடக்கு வளாகம்
அடைபடாது. நான்காம் ஆண்டும் படிப்பதாக இருந்தால் ஏழாம், எட்டாம் செமஸ்டர்களில் விட்டதை ஈடுகட்ட இடம் இருக்கிறது. மூன்றாண்டோடு வெளியேறுவதாக இருந்தால் மைனரை மறந்துவிட்டுப் பிடித்த தாள்களை எடுங்கள்.