வளவு வேலைக்கு எழுத்து எக்ரிமென்ட்: எங்கட குடும்பக் குழுவில இருந்து

கஜன்: மாமா, மட்டக்களப்பு கல்லடியில 20 பேர்ச் வளவு ஒண்டுக்கு புல்லு வெட்டுற வேலை வருது. வீட்டுக்காரர் லண்டன்ல. எழுத்தில வேணும் எண்டு அவரே கேக்கிறார். "மாதாந்தம் இவ்வளவு ரூபாய்க்கு வளவு துப்புரவாக வைத்திருக்கப்படும்" எண்டு எழுதி வெச்சிருக்கன். போதுமா?

சின்ன மாமா: போதா மனே. அந்த வசனத்தில ஒண்டுமே இல்ல. எவ்வளவு இடம், எத்தின தரம், எந்த உயரத்தில வெட்டுறது, எது உன்ர வேலை இல்ல, இந்த நாலும் எழுதாம கையெழுத்து வெக்காத. இப்பிடி எழுதிட்டா தென்னோலை பொறுக்கிறதும் கூரைப் பீலி கழுவுறதும் கிணத்தடிப் பாசி தேய்க்கிறதும் உன்ர தலையிலதான் வரும்.

சின்ன மாமா: முதல் அளவு. 20 பேர்ச் எண்டா 5445 சதுர அடி. அதில வீடு 1800, சீமெந்துத் தரையும் மதிலோரமும் ஒரு 645 எண்டு வெச்சா, வெட்டுற புல்லு 3000 சதுர அடிதான். டேப் பிடிச்சு அளந்து, ஒரு தாளில கீறி, புல்லு இடத்த பென்சிலால நிறம் தீட்டி எக்ரிமென்ட்டோட இணை. பிறகு "பின் வளவும் சேத்துத்தானே" எண்டு ஆரும் கேக்கேலாது.

கஜன்: மாசத்துக்கு 2 தரம் எண்டு போடவா?

சின்ன மாமா: அங்கதான் பிழைக்கும். மட்டக்களப்பில புல்லு மாசத்த பாத்து வளராது. ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரை மழை, 10 நாளைக்கு ஒருக்கா வெட்டோணும். பெப்ரவரியில இருந்து மே வரை ரெண்டு கிழமைக்கு ஒருக்கா போதும். ஜூன்ல இருந்து செப்டெம்பர் வரை கச்சான் காத்து அடிக்க, மணல் தரையில தண்ணி விடாட்டி மாசம் ஒரு வெட்டே காணும். 12, 8, 4. வருசத்துக்கு 24 வெட்டு. வெட்டுக் கணக்கில விலை பேசு. காச மட்டும் மாசம் 2 வெட்டுக்கு எண்டு சமனாப் பிரிச்சு வாங்கு.

லோயர் அத்தான்: மாமா, அதோட இடையில நிப்பாட்டினா கணக்கு எப்பிடி எண்டதும் வரோணும். ஒக்டோபர்ல தொடங்கி ஜனவரி கடைசியில அவர் நிப்பாட்டினா 12 வெட்டு நடந்திருக்கும், காசு வந்தது 8க்கு. 4 வெட்டுக் காசு கஜனுக்கு நட்டம். ஜூன்ல தொடங்கி செப்டெம்பர்ல நிப்பாட்டினா மறுபக்கம், அவர் 8க்கு கட்டியிருப்பார், வெட்டினது 4. அப்ப திருப்பிக் குடுக்கோணும். வசனம் இப்பிடி வரட்டும்:

"ஒப்பந்தம் இடையில் முடிவுற்றால், அன்றுவரை செய்யப்பட்ட வெட்டுகளின் எண்ணிக்கையும் செலுத்தப்பட்ட தொகையும் ஒப்பிடப்பட்டு, வித்தியாசம் 14 நாட்களுக்குள் உரிய தரப்புக்குச் செலுத்தப்படும்."

கஜன்: அருமை அத்தான்

கல்லடி மாமி: வீட்டுக்காரர் பக்கமும் பாருங்க. அவர் அங்க இருந்து எப்பிடி 24 தரமும் வந்தீங்களா எண்டு பாக்கிறது?

சின்ன மாமா: ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னம் ஒரு போட்டோ, பின்னம் ஒரு போட்டோ. ரெண்டும் கேற்றடியில ஒரே இடத்தில நிண்டு எடுக்கோணும் மச்சாள். அண்டைக்கே அனுப்போணும். இதையும் எக்ரிமென்ட்டில போட்டா அவருக்கும் நம்பிக்கை, காசு கேக்கிறவனுக்கும் ஆதாரம்.

கல்லடி மாமி: உயரம் எண்டீங்களே, அத ஏன் எழுதுறது? கட்டையா வெட்டினா கனநாளைக்கு நிக்குமே.

சின்ன மாமா: எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாங்க, ஆனா புல்லு செத்துப் போகும். ஒரு வெட்டுல மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுக்கப்படாது. மலேசியன் புல்ல தரையோட வழிச்சா மணல் வெளிய தெரியும், வெயிலுக்கு வேர் காயும், அந்த இடத்தில கோரை வந்திரும். "வெட்டிய பின் 2 அங்குலம், கச்சான் காலத்தில இரண்டரை" எண்டு போடு. அவர் கட்டையா வெட்டச் சொன்னா அத வாட்ஸ்அப்பில எழுதித் தரச் சொல்லு. கேற் பூட்டிக் கிடந்தோ காசு வராமலோ புல்லு 6 அங்குலம் தாண்டினா ரெண்டு ஓட்டம் ஓட வேண்டி வரும். அதுக்கு ஒண்டரை மடங்கு விலை எண்டும் போடு.

சின்ன மாமா: மழை பெய்ஞ்சு தண்ணி நிண்டா வேலை இல்ல. ஈரத்தில மெசின் ஓட்டினா சில்லு புதைஞ்சு தடம் விழும், புல்லு வெட்டுப்படாம பிய்யும், கட்டி கட்டியா ஒட்டி அடியில கிடக்கிறது அழுகும். "தண்ணி வடிஞ்சு 3 நாளைக்குள்ள செய்யப்படும், அந்த வெட்டு எண்ணிக்கையில குறையாது" எண்டு இருக்கோணும்.

கல்லடி மாமி: கல்லுப் பறந்து யன்னல் உடைஞ்சா?

சின்ன மாமா: வெட்டுறவர்தான் பொறுப்பு, அதில மறுபேச்சு இல்ல. ஆனா நூல் சுழண்டு புல்லு வெட்டுற பிரஷ் கட்டர் ஓடைக்க 15 மீற்றருக்குள்ள ஆளோ வாகனமோ நிக்கப்படாது, மெசின் புத்தகத்திலயே அப்பிடித்தான் இருக்கு. அதால வாகனத்த எடுத்து வைக்கிறது வீட்டுக்காரர் கடமை. உடைவு கண்டா 48 மணித்தியாலத்துக்குள்ள போட்டோவோட சொல்லோணும். ஆறு மாசம் கழிச்சு பழைய வெடிப்பக் காட்டினா ஏற்கேலாது. மண்ணுக்குள்ள ஆழமில்லாம கிடக்கிற அரை இஞ்சி பைப், கேபிள் வயர் எல்லாம் அவர் முதலே குச்சி நட்டுக் காட்டோணும். காட்டாதது வெட்டுப்பட்டா அவர் செலவு.

கல்லடி மாமி: கண்டு மரம்? அந்த நூல் அடிச்சு தோல் சுத்திவர உரிஞ்சா மாங்கண்டு பட்டுப் போகும்கா.

சின்ன மாமா: ஓம், அத மறக்கப்படாது. ஒவ்வொரு கண்டையும் சுத்தி ஒரு அடி வட்டத்துக்கு மெசின் போகாது, கையால புடுங்கிறது எண்டு எழுதோணும். அதுக்கு நேரம் போகும், அந்த நேரத்தையும் விலையில சேக்கோணும்.

கஜன்: பெற்றோல் விலை ஏறினா மாமா?

சின்ன மாமா: 2022 ஜூன்ல லீற்றர் 470 வரைக்கும் போனது தெரியும்தானே. கையெழுத்து வைக்கிற அண்டைய 92 ஒக்டேன் விலைய எக்ரிமென்ட்டிலயே எழுது. 10 வீதத்துக்கு மேல ஏறினா வெட்டு விலை எவ்வளவு கூடும் எண்டு முதலே போடு. இறங்கினா அதே அளவு குறைக்கோணும். ஒருபக்கமா எழுதினா நல்ல வாடிக்கையாளர் கையெழுத்து வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது.

லோயர் அத்தான்: எழுத்தில ஏன் வேணும் எண்டதுக்கு ஒரு காரணம் சொல்றன். வாய்ப்பேச்சில செய்த வேலைக்கு கூலி வராட்டி 1 வருசத்துக்குள்ள வழக்குப் போடோணும். எழுத்து ஒப்பந்தம் எண்டா 6 வருசம். 1871ல வந்த காலக்கெடுச் சட்டம்தான் இண்டைக்கும். நொத்தாரிசு தேவையில்ல, அது காணி எழுதைக்க. அவர் லண்டன்ல கையெழுத்து வெச்சு ஸ்கேன் பண்ணி ஈமெயில்ல அனுப்பினாலும் செல்லும், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் ஆவணத்த ஏற்குது. ஆனா அவற்ற சொந்த ஈமெயில்ல இருந்தே வரட்டும், ஒவ்வொரு பக்கத்திலயும் சுருக்கக் கையெழுத்து இருக்கட்டும்.

லோயர் அத்தான்: வீட்டுக்காரர் இல்லாத வீடு எண்டா இன்னொண்டு. நுளம்புக் குடம்பி இருந்தா பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்குப் போடலாம், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். அது வீட்டுக்காரர் பொறுப்பு. சிரட்டை, டின், டயர் கவிழ்க்கிறது கஜன்ர வேலைக்குள்ள வருமா, பீலியும் தண்ணி டாங்கியும் வராதா எண்டு தெளிவா எழுதோணும்.

கஜன்: சிரட்டை, டின் பாப்பன். பீலி ஏலாது.

சின்ன மாமா: அப்ப "உள்ளடங்காதவை" எண்டு தனித் தலைப்பு போட்டு எழுது: பீலி, கிணறு, மரம் ஏறுறது, தேங்காய் பறிக்கிறது, மருந்தடிக்கிறது, புயலுக்கு விழுந்த மரம். 1978 நவம்பர் 23 சூறாவளி மாதிரி ஒண்டு அடிச்சா வெட்டுக் காசுக்குள்ள தென்னை அகத்தேலாது. வெட்டின புல்ல எங்க போடுறது எண்டும் சொல்லோணும். பின்மூலையில கிடங்கு வெட்டி மக்க விடுறது நல்லம். நெருப்பு வெக்காத.

கஜன்: வீட்டில அவற்ற சித்தி இருக்கிறா. அவ அது செய் இது செய் எண்டு சொல்லுவா போல.

லோயர் அத்தான்: மேலதிக வேலைக்கு உத்தரவு குடுக்கிறது ஆர் எண்டு பேர் போட்டு எழுது. சித்திக்கு அந்த அதிகாரம் எண்டா எவ்வளவு ரூபாய் வரைக்கும் எண்டும் போடு. அதுக்கு மேல எண்டா வீட்டுக்காரர் எழுத்தில சொன்னாத்தான். பிணக்கு வந்தா முதல் மத்தியஸ்த சபை (இணக்க சபை) எண்டும் ஒரு வரி இருக்கட்டும்.

கஜன்: அவருக்கு இங்கிலீஷ்லயும் வேணுமாம்.

லோயர் அத்தான்: ரெண்டு மொழியிலயும் குடு. வித்தியாசம் வந்தா எந்தப் பிரதி செல்லும் எண்டு கடைசியில எழுது. நீ வாசிச்சு விளங்கிறது தமிழ், அதையே போடு.

சின்ன மாமா: மனே, அந்த வளவு இப்ப இடுப்பளவு புல்லுதானே? முதல் வெட்டு 24க்குள்ள வராது. அதுக்கு தனி விலை, தனிப் பக்கம், காசு வேலை முடிஞ்ச அண்டைக்கே. கண்ணாடி, போத்தல், கம்பி கிடக்கும், ஒரு ஆள் முன்னால தடியால தட்டிப் பாத்துப் போகோணும். அந்த ஆள் கூலியையும் சேத்துப் போடு.

கஜன்: சரி மாமா. இரவைக்கு எழுதி இதில போடுறன், அத்தான் ஒருக்கா பாருங்க.