53 இடம் இருந்தும் 60 வாக்கு எதற்கு?

கேள்வி: அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், 100 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 53 இடங்கள். 2025 ஜூலையில் வரிச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றினார்கள். வாக்காளராகப் பதிய குடியுரிமைச் சான்று கேட்கும் சேவ் மசோதாவையும் அப்படிக் கொண்டுபோக முடியாதா?

பதில் 1: முடியாதுங்க. வரிச் சட்டம் போனது ரீகன்சிலியேஷன் வழி, அதாவது பட்ஜெட் சார்ந்த மசோதாக்களுக்கான தனி நடைமுறை. முதலில் இரு அவைகளும் ஒரே பட்ஜெட் தீர்மானத்தை ஏற்க வேண்டும். பிறகு செனட்டில் விவாதம் 20 மணி நேரம்தான், பிலிபஸ்டருக்கு (விவாதத்தை முடிவின்றி நீட்டி மசோதாவைத் தடுப்பது; அதை முடிக்க 60 வாக்கு வேண்டும்) இடமில்லை. 50-50 ஆனதும் துணை அதிபர் வான்ஸ் வாக்குப் போட்டார்.

சிக்கல், இந்த வழியில் எது வரலாம் என்று வரம்பிடும் பைர்ட் விதியில். வரவு செலவைத் தொடாத பிரிவும், தொட்டாலும் அது வெறும் பக்கவிளைவாக இருக்கும் பிரிவும், ஒருவர் ஆட்சேபித்தாலே உதிர்ந்துவிடும். காப்பாற்ற 60 வாக்கு வேண்டும். குடியுரிமைச் சான்று அங்கேயே விழும். பட்ஜெட் காலவரம்புக்குப் பிறகு பற்றாக்குறையைக் கூட்டவும் கூடாது. 2017-இன் தனிநபர் வரிக்குறைப்புக்கு 2025 முடிவு என்று கெடு வைத்தது அதனால்தான்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் பிலிபஸ்டரையே எடுத்துவிடலாமே?

பதில் 2: வேண்டவே வேண்டாம். 2013-இல் ஜனநாயகக் கட்சி நியமனங்களுக்கு அதை நீக்கியது. 2017-இல் நம்மவர்கள், குடியரசுக் கட்சியினர், அதை உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கும் நீட்டினார்கள். நீதிபதிகள் கோர்சச், கவனா, பாரெட் மூவரும் அந்த வழியில்தான் வந்தார்கள். நாளை பெரும்பான்மை கைமாறினால், துப்பாக்கிக் கட்டுப்பாட்டையும் 51 வாக்கிலேயே நிறைவேற்றிவிடுவார்கள், தடுக்க ஆளிருக்காது.

பதில் 1: பிலிபஸ்டர் செய்பவர்களை எழுந்து நின்று பேச வைத்துக் களைப்படையச் செய்யலாம் என்பவர்கள் செனட்டின் 19-ஆம் விதியைப் பார்க்கட்டும். விவாதத்துக்கு வரும் ஒரு பொருளில் ஓர் உறுப்பினர் ஒரு சட்டமன்ற நாளில் இரண்டு முறைதான் பேசலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் புதுப் பொருள். வாரக்கணக்கில் அவை முடங்கும்.