தொகுதிக் கணக்கைப் பேசும்போது எங்கள் கருப்பையை ஏன் இழுக்க வேண்டும்?

காவிரிக்கரை:

குளித்தலைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 43. ஒரு கட்சியின் ஒன்றிய மகளிர் அணியில் பொறுப்பில் இருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை.

போன மாதம் தொகுதி மறுவரையறை (மக்கள்தொகைக்கேற்ப இடங்களைப் பிரிப்பது) பற்றி ஒரு விளக்கக் கூட்டம். பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர். 1962இல் 41 ஆக இருந்த நம் மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 39 ஆகக் குறைந்ததிலிருந்து ஆரம்பித்தார். 1976இல் இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்தது, பிறகு அதை 2026 வரை நீட்டித்தது எல்லாம் தையல் கடைக்காரிக்கும் புரிகிற மாதிரி சொன்னார். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கா தண்டனை என்று அவர் கேட்டபோது நானும்தான் கை தட்டினேன்.

அப்புறம் திடீரென்று எங்கள் பக்கம் திரும்பி, "ஆளுக்கு நாலு பெத்துக்குங்க. இல்லேன்னா டெல்லியில நம்ம குரல் எடுபடாது. இது தாய்மார்கள் கையிலதான் இருக்கு" என்றார். கூடம் முழுக்கக் கைதட்டல். பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஆறுதல் சொல்கிறாராம். நான் எந்த ஆறுதலும் கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில் "விசேஷம் உண்டா?" என்று கேட்டார்கள். பிறகு எந்த டாக்டர், எந்தக் கோயில் என்று கேட்டார்கள். நகையை விற்றுச் சிகிச்சை பார்த்தோம். குறை என் வீட்டுக்காரரிடம் என்று ரிப்போர்ட் வந்தது. அதை ஊரில் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம், அதனால் இன்றுவரை பேச்சு எனக்குத்தான். வளைகாப்பு வீட்டில் என்னைப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். இதையெல்லாம் தாண்டி, பெண் என்பவள் பிள்ளை பெறும் இயந்திரம் இல்லை என்று சொன்ன இயக்கத்தின் வழியில் வந்த கட்சி என்பதால்தான் இதில் சேர்ந்தேன்.

அடுத்த கூட்டத்தில் இதே தலைப்பில் நான் பேச வேண்டும். மறுவரையறையை எதிர்ப்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் "பெற்றுத் தள்ளுங்கள்" என்ற பேச்சை அதே மேடையில் மறுக்கவும் வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பேசுவது?

மேடைத்தமிழன்:

சகோதரி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளைகள் பெறச் சொன்னார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் மு.க. ஸ்டாலின் பதினாறு செல்வம் என்ற வாழ்த்தைச் சொல்லி, இப்போது பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்று நினைக்க வைக்கும் நிலைமை வந்திருக்கிறது என்கிற பொருளில் பேசினார். அநியாயத்தின் அளவைக் காட்டும் மேடை உத்தி அது. எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் மேடையில் இதை மறுத்தால் அடுத்த நாளே எதிர்த்தரப்பு அதை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பும். மாநில உரிமைப் போராட்டம் பலவீனமாகும். கூட்டத்தில் வேண்டாம், தனியாகத் தலைமைக்கு எழுதுங்கள்.

கணக்குவாத்தி:

உத்தியாகவே இருக்கட்டும், கணக்கு நிற்கிறதா என்று பார்ப்போம். அரசியல் சட்டப்படி 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்புதான் அடிப்படை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து அறிவித்தாகிவிட்டது. 2011 கணக்குப்படி நம் மாநிலத்தில் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சுமார் பதினெட்டரை லட்சம் பேர். இங்கே ஆண்டுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 9 லட்சம். ஒரு வருடம் எல்லாரும் இந்தப் பேச்சைக் கேட்டு ஒன்றரை மடங்கு பெற்றால்கூட கூடுதலாக வருவது நாலரை லட்சம். கால் தொகுதிகூடத் தேறாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. பல பத்தாண்டுகளில் உருவான இந்த இடைவெளியைப் பிரசவ வார்டில் அடைக்க முடியாது.

அடைக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். 2025 மார்ச் 22இல் மறுவரையறை தொடர்பாகச் சென்னையில் கூடிய பல மாநிலக் கட்சிகளின் கூட்டு நடவடிக்கைக் குழு கேட்டதும் அதைத்தான்: இன்னும் 25 ஆண்டு உறைநிலை. அந்தத் தீர்மானத்தில் யாரையும் பிள்ளை பெறச் சொல்லவில்லை. உங்கள் பேச்சுக்கு அதுவே போதுமான அடித்தளம்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:

தங்கச்சி, நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எண்பதுகளில் எங்களுக்கு மாதம் இத்தனை கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) கேஸ் என்று டார்கெட் இருக்கும். மார்ச் மாதம் வந்தால் தூக்கம் வராது. வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போவோம். ஆண்களைக் கேட்டால் "வேலைக்குப் போகணும்மா, பலம் போயிடும்" என்பார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே ஆண்களை வளைத்து வளைத்து ஆபரேஷன் செய்த கோபம் 1977 தேர்தலில் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்களைத் தொடத் துணியவில்லை, மொத்தச் சுமையும் பெண் தலையில் விழுந்தது. 1996இல் டார்கெட்டை எடுத்தார்கள். ஆனாலும் 2014இல் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் ஒரு முகாமில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து 13 பேர் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் முகாம்களையே நிறுத்தச் சொன்னது.

நான் சொல்ல வந்தது வேறு. சுனாமியில் எங்கள் கடற்கரையில் எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். பலர் ஏற்கெனவே கு.க. செய்தவர்கள். அவர்களுக்குக் குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனை இலவசமாகச் செய்யலாம் என்று அரசு அறிவித்தது. நல்ல எண்ணம்தான். விரும்பி வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் மாமியார் கையைப் பிடித்து இழுத்து வந்த பெண்களையும் பார்த்தேன். ஒருத்தி என்னிடம் "எனக்கு அந்தப் பிள்ளைகதான் வேணும், வேற வேணாம். ஆனா சொன்னா அவரு இன்னொருத்தியக் கட்டிக்குவாரு" என்றாள். செத்த பிள்ளைக்கு அழுது முடிக்கவே அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. முதலில் கட்டு என்றோம், பிறகு அவிழ் என்றோம். அவளை உட்கார வைத்துக் கேட்டவர் யாருமில்லை.

அதே நாகப்பட்டினத்தில்தான் 2025 மார்ச்சில் புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மேடையில் மு.க. ஸ்டாலின் பேசியதைக் கேட்டேன். எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது.

தடாகம்:

அக்கா, நான் வழக்கறிஞர், கல்யாணம் ஆகாதவள். சட்டப் பக்கம் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

பெற்றுக்கொள்ளச் சொல்லும் அரசு, யார் பெறலாம் என்பதையும் தானே தீர்மானிக்கிறது. 2021 வாடகைத்தாய்ச் சட்டத்தில் தனியாக வாழும் பெண்களில் 35 முதல் 45 வயதுக்குள் இருக்கும் விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும்தான் அனுமதி. என்னைப் போன்றவளுக்குக் கதவே இல்லை. கருக்கலைப்பில் 20 முதல் 24 வாரம் வரையிலான அனுமதி கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் உண்டு என்பதைக்கூட 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் முன்னாள் கணவரிடம். மறுமணத்தில் பிள்ளை பிறந்தபோது, இரண்டுக்கு மேல் என்று சொல்லி மகப்பேறு விடுப்பை மறுத்தார்கள். 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொல்லி அவருக்கு நியாயம் கொடுத்தது. ஆந்திராவிலும் இதே கதைதான். இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று 1994இல் தடை, 2024இல் அந்தத் தடை நீக்கம். ஒரே பெண்ணின் வாழ்நாளுக்குள் அவள் பெற்றதற்கும் தண்டனை, பெறாததற்கும் ஏச்சு.

மேடைத்தமிழன் அண்ணனுக்கு ஒன்று. எதிர்த்தரப்பு வெட்டிப் பரப்பும் என்ற பயம் நியாயமானது. ஆனால் 2024 டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் மூன்று பிள்ளை பெறச் சொன்னபோது அதைக் கண்டித்த நாம், நம் மேடையில் நாலு என்றால் கை தட்டுவதா?

மேடைத்தமிழன்:

பாகவத் பேசியதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே சமூகம் அழியும் என்ற அச்சம், இங்கே பிரதிநிதித்துவம். ஆனால் கூட்டத்தில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும் என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேசுங்கள் சகோதரி. கணக்குவாத்தி சொன்ன தீர்மானத்தை முதலில் வைத்துப் பேசுங்கள், அப்போது வெட்டினாலும் முழுச் செய்தியும் போகும்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் சொன்ன வரிசையையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் 41, 39, உறைநிலை நீட்டிப்பு. அடுத்து அந்தக் கால் தொகுதிக் கணக்கு.

அதற்குப் பிறகு பெரியார். 1930களில் உடல்நலம், வறுமை, சொத்துப் பங்கீடு என்று பலரும் பல காரணம் சொல்லிக் கர்ப்பத்தடையை ஆதரித்தார்கள். பெண் விடுதலையடைந்து தன் இஷ்டப்படி வாழ அது வேண்டும் என்று தனியாக நின்று சொன்னவர் அவர். நாட்டுக்கு ஆகும் லாப நட்டத்தை வைத்து அவர் பெண்ணை அளக்கவில்லை. குறையப் பெறு என்று கட்டளையிட்டாலும் நிறையப் பெறு என்று கட்டளையிட்டாலும் அந்த இடத்திலிருந்து நாம் விலகுகிறோம். இதைத்தான் அழுத்திச் சொல்லப் போகிறேன். பிள்ளை வேண்டும் என்று ஏங்குபவளுக்கு மலிவான சிகிச்சை, வேண்டாம் என்பவளுக்கு நிம்மதி, மூன்றாவது பெற்றவளுக்கு விடுப்பு. இவை மூன்றும் ஒரே கோரிக்கை.

என் கதையை மேடையில் சொல்ல மாட்டேன். அது என் வீட்டுக்காரருடையதும்கூட.

நர்ஸ் அக்கா, அந்த நாகப்பட்டினத்துப் பெண் சொன்னதை, ஊரும் பேரும் இல்லாமல், என் பேச்சில் சேர்க்கலாமா? நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:

அவள் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நாளைக்குப் பேசி, அவள் சரி என்றால் சொல்கிறேன்.