உதவி: தண்ணீர்க் குளிர்விப்புச் சுற்றில் வெண்படலம், பிராசஸர் 93 டிகிரி வரை ஏறுகிறது

தொண்டிக்கரை:
வணக்கம். திருமண வீடியோ தொகுக்கும் என் கணினியில் சென்ற ஆண்டு நானே பொருத்திய தண்ணீர்க் குளிர்விப்புச் சுற்று இப்போது சரியாக வேலை செய்யவில்லை. தொகுத்த வீடியோவை இறுதிக் கோப்பாக மாற்றும் ரெண்டர் ஓடும்போது முன்பு 70 டிகிரியைத் தாண்டாத பிராசஸர் இப்போது 93 வரை ஏறி, வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. பிராசஸரின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக்கின் உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்திருப்பது வெளியிலிருந்தே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கல்யாண வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். வினிகர் ஊற்றிச் சுற்றவிட்டால் போதுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பரமக்குடி_பொறி:
வினிகரை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் குழாய் எந்த வகை, உள்ளே என்ன திரவம் ஊற்றினீர்கள், பிளாக் வெறும் செம்பா அல்லது நிக்கல் பூசியதா, கிராபிக்ஸ் கார்டும் அதே சுற்றில் இருக்கிறதா என்பவை தெரியாமல் யாராலும் சரியான வழி சொல்ல இயலாது. ஒன்றை மட்டும் இப்போதே சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்: ரெண்டரைத் தொடங்கியதும் வெப்பம் சில நொடிகளில் தாவி ஏறுகிறதா, அல்லது கால் மணி நேரம் எடுத்து மெல்ல மெல்ல ஏறுகிறதா?

பாம்பன்_கச்சான்:
உள்ளே பார்ப்பதற்கு முன் வெளியே பாருங்கள் என்பேன். நம் கரையில் கச்சான் வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கையில் உப்பு ஒட்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் அமைத்ததும், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பைத் துருவிலிருந்து காக்க ஓயாமல் பாடுபட வேண்டியிருந்ததும் காரணம் இல்லாமல் இல்லை. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியை ஒட்டவைக்கும், தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரின் தகட்டு மடிப்புகளுக்கு இடையில் அது அடையாகப் படிந்துவிட்டால் விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்று ஊடுருவாது. ரேடியேட்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

பழுத்த_அனுபவம்:
உதவி கேட்பவர்கள் என்னென்ன விவரங்களைத் தர வேண்டும் என்று நான் பல முறை எழுதியிருக்கிறேன். அதைப் படிப்பவர் ஒருவரும் இல்லை என்பது மறுபடியும் தெரிகிறது. தம்பி, அறை வெப்பத்தையும் சுற்றில் ஓடும் தண்ணீரின் வெப்பத்தையும் சொல்லாமல் 93 என்ற எண்ணை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. இந்த முறையில் தண்ணீர் ஒருபோதும் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது என்பதால், குளிர்சாதனம் இல்லாத கடலோர அறையில் 35 டிகிரி இருந்தால் உங்கள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். பம்ப் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதையும் காணோம். நல்ல காற்றுக் குளிர்விப்பான் ஒன்று முடித்திருக்கக்கூடிய வேலைக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

தொண்டிக்கரை:
நிறமற்ற மென்குழாய், இணையத்தில் வாங்கியது. இப்போது பால் நிறமாகிவிட்டது. பிளாக் நிக்கல் பூசியது, மேல்மூடி அக்ரிலிக். கடையில் வாங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீரைத்தான் ஊற்றினேன், பாசி பிடிக்காமலிருக்கச் சில சொட்டு மருந்தும் விட்டேன். கிராபிக்ஸ் கார்டு இதில் இல்லை. அறை 34 டிகிரி, தண்ணீரின் வெப்பத்தைப் பார்க்க வசதி இல்லை. வெப்பம் உடனே தாவுகிறது, நிறுத்தினால் உடனே இறங்கிவிடுகிறது. வினிகர் ஊற்றலாமா கூடாதா?

சாயல்குடி_நீர்:
கேன் தண்ணீர் என்றதும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நம் கரையில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால்தான் சாயல்குடி அருகே நரிப்பையூரில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையமே வைத்தார்கள். ஆர்.ஓ. இயந்திரம் உப்பைக் குறைக்குமே தவிர முழுவதும் நீக்காது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது, ஆனால் அது நம் வயிற்றுக்கு வகுத்த அளவு. உங்கள் பிளாக்கில் படிந்திருப்பது சுண்ணாம்பு. பேட்டரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய தண்ணீரை வாங்கி, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூச்சியத்தை ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். அதே கடையில் பேட்டரி அமிலத்தையும் இதே போன்ற பாட்டிலில் விற்பார்கள், ஆகவே சீட்டைப் படிக்காமல் திறக்காதீர்கள். சுண்ணாம்புக்கு வினிகர் போதும்.

பரமக்குடி_பொறி:
கேன் தண்ணீர் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதில் மிஞ்சியிருக்கும் குளோரைடு, நிக்கல் பூச்சில் ஊசிமுனை அளவு குறை இருந்தாலும் அதன் வழியே செம்பை அரிக்கத் தொடங்கும். ஆனால் சுண்ணாம்பு என்பதற்குக் கணக்கு இடம் தரவில்லை. இத்தகைய சுற்று பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவே கொள்ளும். அந்தத் தண்ணீரில் 100 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். மூடிய சுற்றுக்குள் அது அத்தனையும் வெளியே படிந்தாலும் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான் வரும். தேநீர் கொதிக்கும் பாத்திரத்தில் நாள்தோறும் புதுத் தண்ணீர் சேர்வதால் அங்கே சுண்ணாம்பு தடிக்கிறது, இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. உடனே தாவி உடனே இறங்கும் வெப்பம் ரேடியேட்டரைக் குற்றம் சொல்லவில்லை. தண்ணீர் முழுவதும் சூடேறினால்தான் ஏற்றமும் இறக்கமும் மெதுவாக நடக்கும். ஆகவே குறை பிளாக்கில் இருக்கிறது, அல்லது பிராசஸருக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. என் ஐயம் குழாயின் மேல்தான். மலிவான பி.வி.சி. மென்குழாய் வளைவதற்காக அதில் சேர்த்திருக்கும் பிளாஸ்டிசைசர் வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லக் கசிந்து, சுற்றிலேயே மிகக் குறுகலான இடமாகிய பிளாக்கின் மடிப்புகளில், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிகளில், போய் அடைத்துக்கொள்ளும். குழாய் வெளுத்ததை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது, தண்ணீரை உறிஞ்சினாலும் அது வெளுக்கும். பிளாக்கைத் திறந்து விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கீழை_வாசி:
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? செம்புப் பாத்திரத்தை நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் புளி போட்டுத்தான் துலக்குகிறார்கள். புளியைக் கரைத்து வடிகட்டி, பிளாக்கை அதில் அரை மணி நேரம் ஊறவைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். என் பழைய பிளாக்கை அப்படித்தான் கழுவினேன்.

பழுத்த_அனுபவம்:
புளி! இனி ரேடியேட்டருக்குக் கறிவேப்பிலை தாளிக்கவும் யாராவது சொல்வார்கள். அவருடைய பிளாக் நிக்கல் பூசியது என்று மேலே எழுதியிருக்கிறதே, அதைக்கூடப் படிக்காமல் மருந்து சொல்ல வந்துவிடுகிறீர்கள்.

கீழை_வாசி:
ஐயா, கிண்டல் வேண்டாம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், நீங்கள் பரிந்துரைக்கும் வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். கடையில் பாட்டிலில் வருவது அறிவியல், சமையலறையில் இருப்பது கேலிக்குரியது என்பது எந்த ஊர் நியாயம்?

பழுத்த_அனுபவம்:
வினிகரை நான் எங்கே பரிந்துரைத்தேன் என்று காட்டுங்கள்.

சாயல்குடி_நீர்:
வினிகரைச் சொன்னது நான். ஆனால் புளிக்கரைசலில் நாரும் சக்கையும் இருக்குமே, அவை அந்த மடிப்புக்குள் புகுந்தால் யார் எடுப்பது? அமிலம்தான் வேண்டும் என்றால் சிட்ரிக் அமிலம் தெளிவாகக் கரையும், அளவையும் நம் கையில் வைத்துக்கொள்ளலாம்.

பரமக்குடி_பொறி:
கீழை அண்ணன் சொன்னதில் வேதியியல் பிழை இல்லை; வெறும் செம்பில் கறுத்த ஆக்சைடைப் புளி நீக்கும். இவருடைய பிளாக்கிற்கு அது பொருந்தாது, அவ்வளவுதான், ஏனெனில் நிக்கல் பூச்சை எந்த அமிலத்திலும் நேரம் கடத்தி ஊறவைக்கக் கூடாது, பிளாஸ்டிசைசரோ எந்த அமிலத்திலும் கரையாது. திறந்து பார்க்கும்போது படிவு வழுக்கலாக, பசை போல இழுபட்டால் அது குழாயிலிருந்து வந்தது. மணல் போல் நறநறத்து, ஒரு சொட்டு வினிகரில் நுரைத்தால் சாயல்குடி நண்பர் சொன்ன சுண்ணாம்பு. கொழகொழப்போடு நாற்றமும் அடித்தால் பாசியோ பாக்டீரியாவோ வளர்ந்திருக்கிறது. பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் செம்பு அரிக்கிறது என்று பொருள், அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

கழுவும் முறையையும் எழுதிவிடுகிறேன். பிளாக்கைப் பிரிக்கும் ஒவ்வொரு நிலையிலும் கைபேசியில் படம் எடுங்கள். உள்ளே தண்ணீரைப் பீய்ச்சும் மெல்லிய தகட்டைத் திருப்பி வைத்துவிட்டால் சுத்தம் செய்தும் வெப்பம் குறையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கலந்து, மென்மையான பல்துலக்கியால் மடிப்புகளின் நீளவாக்கில் தேயுங்கள். பற்பசை வேண்டாம், அது பூச்சைத் தேய்க்கும். அக்ரிலிக் மூடியின் அருகே ஸ்பிரிட் வகை எதையும் கொண்டுபோகாதீர்கள், மயிரிழை விரிசல்கள் விழும். ரேடியேட்டருக்குள் சூடான, கொதிக்காத, கனிமம் நீக்கிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, வெளிவரும் நீர் தெளியும் வரை கொட்டுங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். மீண்டும் நிரப்பும்போது பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இணைப்பையும் மற்ற இணைப்புகளையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 ஊசி இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்து, பம்ப் மட்டும் ஓடும்படி செய்து, குழாய் பொருந்தும் ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் கசிவு தெரியும்படி மெல்லிய காகிதம் வைத்து ஓர் இரவு ஓடவிடுங்கள். பம்ப் ஒரு நொடியும் தண்ணீர் இல்லாமல் ஓடக் கூடாது.

பழுத்த_அனுபவம்:
இவை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு. தம்பி, வேலை கையில் இருக்கும்போது சுற்றைப் பிரித்துவிட்டு ஓர் ஓ-ரிங்குக்காக மதுரைக்கு பஸ் ஏறாதீர்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் பிராசஸரின் மின்திறன் வரம்பைக் குறைத்து வையுங்கள்; ரெண்டருக்குக் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் முடியும்.

பாம்பன்_கச்சான்:
ரேடியேட்டர் மேல் தவறில்லை என்றால் ஏற்கிறேன். ஆனாலும் உள்ளே கழுவ எப்படியும் கழற்றத்தான் போகிறார், அப்போது வெளிமடிப்பையும் பார்ப்பதில் என்ன நட்டம்?

தொண்டிக்கரை:
வரம்பைக் குறைத்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன். நேற்றுத் திறந்தேன்; வழுக்கலான வெள்ளைப் பசை, வினிகர்ச் சொட்டில் நுரைக்கவில்லை. சோப்பில் போய்விட்டது. வரம்பைப் பழையபடி வைத்தும் இப்போது 72. வாங்கிய கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் குழாய் ஃபிட்டிங்கில் நுழையவில்லை, பழைய குழாயையே கழுவிப் போட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பரமக்குடி_பொறி:
நல்லது. பழைய குழாய் இருக்கும் வரை அது கசிந்துகொண்டேதான் இருக்கும், ஆகவே வெப்பம் மறுபடி ஏறத் தொடங்குகிறதா என்று பார்த்து வாருங்கள். நுழையாததற்குக் காரணம் வெளிவிட்டமாக இருக்கும்: உள்விட்டம் 10 மில்லிமீட்டரே ஆனாலும், 13 மில்லிமீட்டர் வெளிவிட்டத்துக்குச் செய்த ஃபிட்டிங்கின் வளையம் 16 மில்லிமீட்டர் குழாயின் மேல் ஏறாது. ஈ.பி.டி.எம். குழாய்கள் பெரும்பாலும் தடித்த சுவருடன் வருவதால் குழாயை அல்ல, ஃபிட்டிங்குகளைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு குழாய்களின் வெளிவிட்டத்தையும் அளந்து எழுதுங்கள், எவை பொருந்தும் என்று சொல்கிறேன்.